மருந்தைக் கழுவியவள்

என் பெயர் முனிலட்சுமி. ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐசியூவில் நோயாளிகளுக்கு உடம்பு துடைத்துவிடும் வேலை. இதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஐந்து மாதம் எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டு திரிந்தேன்.

அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ஒரு கம்பெனியில் கியர் கழுவினேன். முதலில் கெமிக்கல், பிறகு தண்ணீர். கெமிக்கல் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் துருப்பிடித்து ரிஜெக்ட் ஆகிவிடும். நான் கழுவிய கியர் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிரோடுதான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். கிருமிநாசினி மருந்தால் உடம்பு துடைக்கப் பயிற்சி கொடுத்த அன்று, கழுவுவதை எனக்கே சொல்லித் தருகிறார்களா என்று கடைசி நாற்காலியில் அரைத்தூக்கத்தில் இருந்தேன்.

மருந்தால் துடைத்த பிறகு உடம்பு பிசுபிசுவென்று இருக்கும். அப்படியே விட எனக்கு மனசு வருமா? வெந்நீரில் துணியை நனைத்து மறுபடியும் சுத்தமாகத் துடைத்துவிடுவேன். யாரும் சொல்லாமல் நானாகச் செய்த புண்ணியம்.

தளியில் பூ பயிரிடும் வெங்கடம்மாள் நிமோனியாவோடு வந்தார். கழுத்து ரத்தக்குழாயில் டியூப் போட்டு மருந்து ஏற்றினார்கள். "நான்கூட எங்க அம்மாவை இப்படிப் பாத்திருக்க மாட்டேங்க்கா" என்பாள் அவர் மகள் சுசித்ரா. எனக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

ஆறாம் நாள் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறியது. டியூப் வழியாக ரத்தத்தில் கிருமி என்று ரிப்போர்ட் வந்தது. டியூபைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் ஜெயமணியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கவனமாக இருந்திருக்கக் கூடாதா என்று நானும் அவளுக்குப் புத்தி சொன்னேன். வெட்கங்கெட்ட வாய்.

மறுநாள் காலை, தொற்றுத் தடுப்பைக் கவனிக்கும் சத்யப்ரியா சிஸ்டர் நான் துடைப்பதைப் பார்க்க வந்து நின்றார். பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, வெந்நீரை வழக்கத்தைவிடக் கூடவே எடுத்து வைத்தேன்.

"தண்ணி எதுக்கு?" என்றார்.

"மருந்து ஒட்டியிருக்கே சிஸ்டர், எடுக்க வேணாமா?"

"அது தோல்மேலயே காயணும். அப்பதான் நாள் முழுக்கக் கிருமி தோல்ல வளராம, டியூப் வழியா உள்ள போகாம தடுக்கும். எத்தனை நாளா இப்படிப் பண்றீங்க?"

ஜெயமணி பக்கத்திலேயே நின்றிருந்தாள். இன்றைக்குத்தான் என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"சேந்த நாள்லேர்ந்து" என்றேன்.

ஒன்பது நாள் கூடுதலாகப் படுத்திருந்து வெங்கடம்மாள் பிழைத்துக்கொண்டார். வார்டுக்கு மாற்றும்போது சுசித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் காய்ச்சலுக்கு என் வெந்நீரும் காரணமாக இருக்கலாம் என்றேன்.

அவள் கையை விட்டாள். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"எங்க அம்மா பொழச்சிட்டாங்க" என்றாள். "முன்னாடி இந்தக் கட்டில்ல இருந்தவங்க?"

அவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை.