கோர்தோபாவில் கழற்றிய ஷூ

கல்லூரி ஆண்டுவிழாவுக்குப் போன இடத்தில் என் மகள் வாசலிலேயே என்னை ஓரமாக இழுத்து, "நீ பேசாம உக்காந்துக்கம்மா, யார்கிட்டயும் எதுவும் சொல்லிட்டிருக்காத" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அவள்மேல் கோபமும் இல்லை. அவளைவிடச் சின்ன வயதில் நானும் என் அப்பாவால் இப்படித்தான் கூசிப்போனேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்துகொண்டிருந்த அப்பாவை, ஸ்பெயினில் நடந்த ஒரு கண்காட்சியில் தறி நெய்துகாட்ட அரசாங்கம் அனுப்பியது. மாமாவின் ஷூவை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். வேலை முடிந்ததும் கோர்தோபா என்ற பழைய நகரத்துக்கு எல்லோரையும் பஸ்ஸில் அழைத்துப் போனார்களாம். ரோமானியர் காலத்துப் பாலம், மூர்கள் கட்டிய பெரிய பள்ளிவாசல், பின்னாளில் அதற்கு நடுவிலேயே எழுப்பிய மாதாகோயில். அப்பா கொண்டுவந்த பட அட்டையில், சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வந்த வளைவுகள் காடுபோல நின்றன. அதை வைத்துப் பள்ளிக்கூடத்தில் நான் அடித்த தம்பட்டம் தலைமையாசிரியை காதுவரை எட்டியது. "உங்க அப்பாவ வந்து பேசச் சொல்லும்மா" என்றார்.

நெற்றி நிறைய விபூதியோடு அப்பா மேடையேறினார். அந்தக் கட்டடத்தின் அழகைச் சொல்லும்படி சரித்திர டீச்சர் கேட்டுக்கொண்டார். நான் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"வாசல்ல ஷூவ கழட்டி வச்சிட்டு உள்ள போனேன்மா. மத்தவங்கல்லாம் போட்டுக்கினே போறாங்க. கூட வந்த அந்த ஊரு அம்மா, வேணாம் வேணாம்னு கைய ஆட்டுது. சாமி இருக்கற எடம், எப்பிடி போறது சொல்லுங்க?"

"எந்த சாமிக்காகக் கழட்டினீங்க?" டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"மொதல்ல இருந்தவருக்கும்தான், அப்புறம் வந்தவருக்கும்தான்."

கூடம் கொல்லென்று சிரித்தது. "தூணாவது எண்ணினீங்களா?" என்று டீச்சர் விடவில்லை.

"எங்க எண்றது? எரவல் ஷூ. மனசெல்லாம் வாசல்லயே இருந்துச்சு. வெளிய வந்து பாத்தா காணோம்! வெறுங்கால்லயே பாலத்துமேல நடந்தேன். ரோமாபுரிக்காரன் போட்ட கல்லு, என்னா சூடு சுடுதும்மா!"

பிள்ளைகள் பெஞ்சைத் தட்டினார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வளர்த்துச் சொன்ன மாளிகையெல்லாம் ஒரு ஜோடி ஷூவில் வந்து முடிந்துவிட்டது.

பக்கத்தில் இருந்த அத்தர் கடை பாயின் மகள் மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து, "அவ்ளோ பேர்ல உங்கப்பா ஒருத்தர்தான் கழட்டினாராடி?" என்றாள்.

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"எங்க அத்தாகிட்ட சொல்லணும்."

இனிக் கடைத்தெருவே சிரிக்கப்போகிறது என்று கையை உதறிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் அத்தா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் ஓடிப்போய்த் தறிக்குழிக்குள் இறங்கி ஒளிந்துகொண்டேன். பாவின் இழைகளுக்கு ஊடே பார்த்தேன். அவர் அப்பாவின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு நின்றார். "நிஜமாத்தானா?" என்று மட்டும் கேட்டார். அப்பா சங்கடத்தோடு தலையாட்டினார்.

தொலைந்தது மாமாவின் ஷூ. அதற்கு இந்தப் பெரியவர் எதற்காகக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.