நீலம் பாரித்த முகம்

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பாம்பு நடமாட்டம் உண்டு. அன்று மதியம் வேலை முடிந்து வந்தபோது, கல்லூரியில் படிக்கும் என் மகள் கூடத்துத் தரையில் கிடந்தாள். முகமும் கழுத்தும் நீலம் பாரித்திருந்தன. தொடக்கூடத் துணிவில்லாமல், "ஐயோ, பாம்பு கடிச்சிருச்சே!" என்று அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

பக்கத்து வீட்டு மீனாள் என்னோடு உள்ளே ஓடி வந்து, மகள் கன்னத்தைத் தொட்டாள். விரலில் ஊதா நிறம் ஒட்டியது.

"பதறாதீக அக்கா, இது அரைச்ச கவுனி அரிசி!"

காலையில் நான் இனிப்புக்கு ஊறவைத்த, ஊதாச் சாயம் விடும் கருப்புக் கவுனி அரிசி!

மகள் இயர்போனைக் கழற்றியபடி எழுந்தாள். "அரைச்சுப் பூசினா முகம் பளபளக்குமாம்மா."



இப்போது அவள் எதைப் பூசினாலும் முதலில் எனக்குச் சொல்லியாக வேண்டும். நானும் யார் படுத்திருந்தாலும் நிறத்தைப் பார்ப்பதில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்றுதான் பார்க்கிறேன்.