ஹஸ்பெண்ட் என்றொரு உத்தியோகம்

துறைமுகத்துக்கு வருகிறவர்கள் கப்பலைப் பார்ப்பார்கள், கிரேனைப் பார்ப்பார்கள். அந்தக் கப்பலுக்குக் குடிதண்ணீர் ஏற்றியது யார், அதிலிருந்த பல்வலிக்காரரை டாக்டரிடம் கூட்டிப்போனது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான்தான் அது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். சரக்கு என் பொறுப்பில்லை. கப்பலும் அதில் இருக்கிற மனிதர்களும் என் பொறுப்பு. காய்கறி, மருந்து, உதிரிபாகம், ஊருக்குப் போகிற மாலுமிக்கு விமான டிக்கெட், புதிதாக வருகிறவருக்குக் கரை அனுமதி, எல்லாம்.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஹஸ்பெண்டரி என்று பெயர். பாய்மரக் காலத்தில் கரையில் இருந்துகொண்டு கப்பலின் தேவைகளைக் கவனித்தவரை ‘ஷிப்ஸ் ஹஸ்பெண்ட்’ என்பார்களாம். கப்பல் பாயை விட்டு இன்ஜினுக்கு மாறியும் பெயர் மாறவில்லை. என் விசிட்டிங் கார்டில் ‘ஷிப் ஹஸ்பெண்டரி’ என்றுதான் இருக்கிறது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டு, நீங்கள் பதில் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் ஒரு மாதிரி ஆகிறதென்றால், நீங்களும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

இசக்கிமுத்து அண்ணாச்சியின் பசு

எங்கள் ஊர் கொற்கைக்குப் பக்கம். ஒரு காலத்தில் முத்துக் கப்பல்கள் வந்து நின்ற இடம் என்பார்கள். இப்போது கடல் எங்கேயோ தள்ளிப் போய்விட்டது, சுற்றிலும் நெல்லும் வாழையும்தான். நான் வேலைக்குச் சேர்ந்து முதல் லீவில் ஊருக்குப் போனபோது, அடுத்த வீட்டு இசக்கிமுத்து அண்ணாச்சி வாசலில் நின்றார். “தாயி, பசு நேத்துலேருந்து தீனி எடுக்கல. கன்னு போடுத நேரம். கொஞ்சம் வந்து பாரு” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது. ஹஸ்பெண்டரி என்று அப்பா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். ஊருக்குத் தெரிந்த ஹஸ்பெண்டரி ஒன்றே ஒன்றுதான், மாட்டாஸ்பத்திரி போர்டில் எழுதியிருக்கிற அனிமல் ஹஸ்பெண்டரி.

நான் கப்பலைப் பார்க்கிறவள், மாட்டை அல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். தொழுவத்தில் அந்தப் பசு படுத்திருந்த விதத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. வேலையில் முதல் மாதம் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: நமக்குத் தெரியாவிட்டால், தெரிந்தவரை உடனே பிடித்துக் கொண்டுவர வேண்டும். நான்கு பேருக்குப் போன் போட்டு, பக்கத்து ஊர் கால்நடை டாக்டரைப் பிடித்தேன். அவர் பைக்கில் வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, ஒன்றரை மணி நேரம் போராடினார். கன்று குறுக்கே கிடந்திருக்கிறது. தாயும் கன்றும் பிழைத்தன.

தூத்துக்குடிக்குத் திரும்பியதும் நூலகத்துக்குப் போய் அங்கிருந்த பெரிய அகராதியைப் பிரித்தேன். பி.ஏ. ஆங்கிலம் படித்தவள் நான். அதுவரை அந்தச் சொல்லை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஹஸ்பெண்ட்மேன் என்றால் உழவன். ஹஸ்பெண்டரி என்றால் வேளாண்மை. கப்பலுக்கு வருவதற்குப் பல நூறு வருஷம் முன்னாலேயே அந்தச் சொல் வயலில் இருந்திருக்கிறது. அடுத்த தடவை ஊருக்குப் போனபோது அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். அவர் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்துவிட்டுச் சொன்னார்:

“அப்ப அந்த வேலைக்கு நான்லா எழுதிப் போட்டிருக்கணும். ஒன்னய எதுக்கு எடுத்தானுவ?”

மூன்று துறைமுகம்

முதல் தடவை தனியாக ஒரு கப்பலில் ஏறிய நாள். சுடிதாருக்கு மேல் பாதுகாப்புச் சட்டை, தலையில் ஹெல்மெட், கையில் ஒரு மரப்பெட்டி. ஆடுகிற ஏணியில் அதைத் தூக்கிக்கொண்டு ஏற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மேலே நின்ற கிரேக்கக் கேப்டன் என்னைப் பார்க்கவில்லை; என் முதுகுக்குப் பின்னால் ஆள் வருகிறாரா என்று பார்த்தார். “ஹஸ்பெண்ட் எங்கே?” என்றார். “நான்தான்” என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

அவர் பின்னாலேயே அவருடைய அறைக்குப் போய், பெட்டியை மேஜையில் வைத்துத் திறந்து காட்டினேன். ஜெனரேட்டருக்கான பம்ப். அன்று காலை எட்டு மணியிலிருந்து சுங்க அலுவலகத்தில் மேஜை மேஜையாக நின்று வாங்கி வந்தது. சீஃப் இன்ஜினியர் ஓடி வந்து அதைக் கையிலெடுத்துத் தடவிப் பார்த்தார். கேப்டன் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

“இதுக்கு முன்னால மூணு துறைமுகத்துல ஹஸ்பெண்ட் இருந்தாங்க. ஒருத்தர்கூட இதைக் கொண்டுவரலை.”

பெண் பார்க்க வந்த பெரியம்மா

மாப்பிள்ளை ஓட்டப்பிடாரத்தில் கணக்கு வாத்தியார். பெண் பார்க்க அவரும் அவருடைய பெரியம்மாவும் இன்னும் நாலு பேரும் வந்திருந்தார்கள். எங்கள் அப்பாவுக்கு என் விசிட்டிங் கார்டின் மேல் அப்படி ஒரு பெருமை. காபி கொடுக்கிற நேரத்தில் ஆளுக்கொன்றாகக் கார்டையும் கொடுத்துவிட்டார். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்தவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். “என்னவோ ஹஸ்பெண்டுன்னு போட்டிருக்கே. பொண்ணுக்கு முன்னமே எதுவும்...” என்று இழுத்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நான் உள்ளேயிருந்து வெளியே வந்தேன். அலங்காரம் பாதிதான் முடிந்திருந்தது. “பெரியம்மா, நீங்க பெரியப்பாவ மத்தவங்ககிட்ட எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்டேன். “எங்க வீட்டுக்காரர்ம்பேன்” என்றார். “அதேதான் இது. ஹஸ்னா வீடு. பெண்ட்னா குடியிருக்கிறவர். வடக்குக் கடல்ல கப்பல் ஓட்டி வந்த ஆளுக பேசின பாஷையிலேருந்து இங்கிலீஷுக்கு வந்த சொல்லு. முதல்ல வீட்டுக்குப் பொறுப்பானவர்னுதான் அர்த்தம். கல்யாணமானவர்ங்கிறது பின்னால வந்து ஒட்டிக்கிட்டது. நான் கப்பலுக்குப் பொறுப்பானவ.” மாப்பிள்ளை கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதைப் பார்த்தேன். பெரியம்மா மட்டும் விடாமல் யோசித்துக்கொண்டிருந்தார். டம்ளரை மறுபடியும் கையிலெடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

“வெள்ளக்காரனுக்க பொண்டாட்டியும் நம்மள மாதிரித்தான் போலுக்கு. புருஷன் பேரச் சொல்லக் கூச்சப்பட்டு வீட்டுக்காரர்னுருக்கா.”

தண்ணீர்க் கணக்கு

கணக்கு வாத்தியாரைத்தான் கட்டிக்கொண்டேன். அது வேறு கதை. இது அதற்கப்புறம் நடந்தது.

நிலக்கரிக் கப்பல் ஒன்று உள்ளே வர இடமில்லாமல் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நின்றது. எங்கள் அலுவலகத்தில் மெயில் பார்ப்பது காயல்பட்டினத்துச் செய்யது. வேலையில் கெட்டிக்காரன். கேப்டனிடமிருந்து வந்த தினசரி மெயிலின் கடைசி வரியில், நல்ல தண்ணீரை ‘ஹஸ்பெண்ட்’ செய்துகொண்டிருக்கிறோம் என்று இருந்தது. ஹஸ்பெண்டரி அக்கா தண்ணீருக்கு ஏற்பாடு செய்துவிட்டாள் போலிருக்கிறது என்று செய்யது எடுத்துக்கொண்டு, முடிந்த வேலைகளின் பட்டியலில் போட்டுவிட்டான். மறுநாள் காலை பட்டியலைப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. நான் எந்த ஏற்பாடும் செய்யவில்லை.

பழைய ஆங்கிலத்தில் நல்ல ஹஸ்பெண்ட் என்றால் கல்யாணமானவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கையில் இருப்பதைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறவர். அதையே வினையாகச் சொன்னால், இருப்பது தீர்ந்துவிடாமல் அளந்து பயன்படுத்துவது. கேப்டன் சொன்னது அதைத்தான். கூப்பிட்டுக் கேட்டேன். தண்ணீர் தயாரிக்கிற இயந்திரம் பழுதாகி நான்கு நாளாயிற்றாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வாளியாம். பற்றாக்குறை என்று எழுத அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நானும் செய்யதுவும் படகு ஓட்டுகிற ரொசாரியோ அண்ணாச்சியிடம் ஓடினோம். தண்ணீர்ப் படகு ஒன்றைப் பிடித்து, மதியத்துக்குள் அனுப்பிவிட்டோம். சாயங்காலம் கேப்டன் ஒரு போட்டோ அனுப்பினார். தளத்தில் வரிசையாகத் துவைத்த துணி காய்ந்துகொண்டிருந்தது.

செய்யது முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தான். தப்பாகப் புரிந்துகொள்ளத் தோதான சொல்தான், விடு என்று சொல்லி, அதன் அர்த்தத்தை விளக்கினேன். அவன் அந்த மெயிலைத் திறந்து கடைசி வரியை மறுபடியும் படித்தான். அப்புறம் சொன்னான்:

“எங்க வாப்பா முப்பது வருஷம் ஷார்ஜாவுல இருந்தாவ அக்கா. தனக்குன்னு ஒரு நல்ல சட்ட எடுத்ததில்ல. கேட்டா கோவப்படுவாவ. அதுக்கு ஒரு சொல் இருந்திருக்கு, எனக்குத்தான் தெரியல.”

நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு?

ஆடி மாசம், கச்சான் காற்று கடலைக் கிளப்பிக்கொண்டிருந்த நாள். வெளிக்கடலில் நின்ற ஒரு கப்பலின் சமையல்காரருக்கு அடிவயிற்றில் தாங்க முடியாத வலி. ரோகெலியோ என்று பெயர், பிலிப்பைன்ஸ்காரர், ஐம்பது வயதுக்கு மேல். காலையிலிருந்து வாந்தி. கரைக்குக் கொண்டுவரத் துறைமுக சுகாதார அதிகாரியின் அனுமதி வேண்டும், குடியேற்ற அதிகாரியின் அனுமதி வேண்டும், முக்கியமாக அந்தக் காற்றில் போகிற ஒரு படகு வேண்டும். முதல் இரண்டையும் இரண்டு மணி நேரத்தில் வாங்கினேன். மூன்றாவதற்கு ரொசாரியோ அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். “நீயும் வாரியா?” என்று மட்டும் கேட்டார். போனேன். வழியெல்லாம் வாந்தி எடுத்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஸ்ட்ரெச்சரில் கட்டி அவரைக் கப்பலிலிருந்து இறக்கும்போது படகு மேலும் கீழும் எம்பிக்கொண்டிருந்தது. இரண்டாவது முயற்சியில் அண்ணாச்சி பிடித்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில், குடல்வால் வெடிக்கிற நிலை, உடனே ஆபரேஷன் என்றார்கள். நர்ஸ் படிவத்தை நீட்டி, நீங்கள் இவருக்கு என்ன உறவு என்று கேட்டார். அவசரத்தில் “ஹஸ்பெண்டரி” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘மனைவி’ என்று எழுதிவிட்டார். நான் பதறிப்போய் அடிக்கச் சொன்னேன். அப்படியென்றால் வீட்டார் சம்மதம் வேண்டுமே என்றார். கேப்டனிடம் நம்பர் வாங்கி, ரோகெலியோவின் மனைவியை வீடியோவில் பிடித்தேன். அந்த அம்மா கடையில் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் சொன்னதைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சம்மதம் சொன்னார். பிறகு, உப்புத் தண்ணீரில் நனைந்து தலை கலைந்து நின்ற என்னைப் பார்த்து, நீ யாரம்மா என்று கேட்டார். இந்த ஊரில் கப்பலுக்கு நான்தான் ஹஸ்பெண்ட் என்றேன். அழுதுகொண்டிருந்தவருக்கு அதற்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொன்னதை எழுதினால் இவ்வளவுதான்:

“நான் இருபத்தாறு வருஷமா அவருக்காகக் கரையில காத்திருக்கேன். இன்னிக்கு என் இடத்துல நீ நில்லு.”

நின்றேன். ரோகெலியோ பிழைத்தார். ஒன்பதாம் நாள் விமானத்தில் ஏற்றிவிட்டேன்.

பெயர் மாற்றம்

போன வருஷம் மும்பை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மெயில். ஹஸ்பெண்டரி என்பது பழங்காலச் சொல், ஆண்களைக் குறிப்பதுபோல் இருக்கிறது, பெண்கள் வேலை பார்க்கும் இடத்துக்குப் பொருந்தாது, இனி ‘வெஸல் கேர்’ என்று மாற்றிவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருந்தார்கள். எனக்குத்தான் வீட்டுப் பட்டாவில் பெயரை அடித்ததுபோல் இருந்தது.

அன்று மதியம் சாப்பிடாமல் ஒரு பதில் எழுதினேன். அந்தச் சொல் வீட்டிலிருந்து வயலுக்குப் போனது, வயலிலிருந்து சிக்கனத்துக்கு, அங்கிருந்து கப்பலுக்கு என்று எல்லாம் எழுதினேன். கடைசியாக ஒன்று. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஆங்கில எழுத்தில் ஓர் இடத்தில், வீட்டுக்குத் தலைவியான பெண்ணையே இந்தச் சொல்லின் பெண்பால் வடிவத்தால் சொல்லியிருக்கிறார்கள். இதைத் தேடிக் கண்டுபிடித்த நாளில் எனக்கு உண்டான சந்தோஷத்தை இங்கே விவரிக்க முடியாது. ஆண்களுக்கான சொல்லை நான் இரவல் வாங்கவில்லை. அதில் எங்களுக்கும் ஆதியிலிருந்தே பங்கு இருந்திருக்கிறது, ஆகவே மாற்ற வேண்டாம் என்று முடித்தேன். மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் எங்கள் மேனேஜர் ஜெபராஜ் சார் என் மேஜைக்கு வந்து, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னார்:

“பேரு அப்படியே இருக்கட்டும்னுட்டாங்க. ஆனா இனிமே மெயில்ல பாடம் நடத்த வேண்டாம்னு ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க.”

ஆக, உலகத்தில் எத்தனையோ ஹஸ்பெண்டுகள் இருக்கலாம். காலையில் கப்பலை வழியனுப்பிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து தோசைக்கு மாவும் அரைக்கிற ஹஸ்பெண்ட், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான்.