தட்டெறியும் வீடியோவுக்குக் கீழே ஓர் இதயம்

இன்று வேலணை பஸ்ஸில் பக்கத்தில் ஓர் அம்மா. என் மடியில் தட்டுகள் இருந்த பையையே பார்த்துக்கொண்டு வந்தவர், பண்ணைப் பாலம் தாண்டியதும் கேட்டார்.

"நீர்தானே சாட்டிக் கடற்கரையில தட்டெறிஞ்சு வீடியோ போடுற தம்பி?"

"ஓம் அம்மா."

டிஸ்க் கோல்ஃப், அதாவது தட்டைக் கூடைக்குள் எறியும் விளையாட்டு. அதில் இன்னும் தூரம் எறிவது எப்படி என்று வாராவாரம் சொல்லிக் கொடுக்கிறேன். "முதல்ல இடுப்பைத் திருப்புங்கோ" என்று கத்துவேன். என் வீட்டிலேயே யாரும் பார்ப்பதில்லை.

"என்ர மகன் ஒண்டும் விடாமல் பாக்கிறவன். பிரான்சுக்குப் போனவன், நாலு மாதமாய் எனக்கு ஒரு போன் கோல் எடுக்கேல்ல. போன் பழுதாப் போச்சுதாக்கும். உம்மட வீடியோவுக்குக் கீழ அவன்ர பேர் கிடக்கோ எண்டு ஒருக்காப் பாரும்."

பெயரைச் சொன்னார். தேடினேன். இருந்தது! வந்த சந்தோஷத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"இருக்கிறார் அம்மா. நேற்றுப் போட்டதுக்கும் இதயம் போட்டிருக்கிறார்."

அந்தச் சின்னச் சிவப்பு இதயத்தை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப போன் வேலை செய்யுது" என்றார்.

மண்கும்பானில் இறங்கும்போது, "சுகமாய் இருக்கிறான், அது போதும்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

நான் கத்துவதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்கிற தம்பி, இதையும் வாசிப்பீர் என்று தெரியும். இதற்கு இதயம் போட வேண்டாம்.

அம்மாவுக்கு ஒரு கோல் எடும்.