காயில் இல்லாத பெட்டி

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘திருப்புளி’ என்றால்தான் தெரியும். சட்டைப் பையில் சின்னத் திருப்புளி ஒன்று எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது கூடவே வரும். துவைக்கப் போட்ட சட்டையில் அதை மறந்துவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமா நஞ்சமா?

வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. இஸ்திரிப் பெட்டி, மிக்சி, மின்விசிறி, கெட்டில் என்று ஏதாவது ஒன்று வயிறு திறந்து கிடக்கும். நான் பெருக்கும்போது திருகாணிகளைப் பொறுக்கி ஒரு மூடியில் போட்டு வைப்பேன். தொலைந்தது என்று அவர் தேடுவதெல்லாம் அந்த மூடியில்தான் இருக்கும்.

அவருக்கு யாரும் தொழில் சொல்லிக் கொடுக்கவில்லை. என்னைப் போலவே அவரும் சின்ன வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஒரு மின்சாமான் கடையில் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. அந்த முதலாளியிடம் வாய் திறந்து ஏதாவது கேட்டால் தலையில் குட்டு விழும். “கேக்குறதுக்கு வாய் இருக்குல்ல, பாக்குறதுக்குக் கண்ணு இல்லியா?” என்பாராம். அன்றிலிருந்து இவர் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். ‘தெரியாது’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. எதைக் கொண்டுவந்து வைத்தாலும், “பாத்துடலாம்” என்பார். பெரும்பாலும் சரி செய்தும் விடுவார். அதனால்தான் கேட்கத் தெரியாத அந்தக் குறை ஒரு குறையாக எங்கள் கண்ணில் படவில்லை.

எங்களுக்கு ஒரே பெண். கட்டிக் கொடுத்த இடம் நல்ல இடம். பகட்டு இல்லாதவர்கள். சம்பந்தியம்மா ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறார். மாப்பிள்ளை கைப்பிள்ளையாக இருக்கும்போதே அவர் கணவர் இறந்துபோய்விட்டார். அதன் பிறகு அந்த வீட்டைத் தாங்கியது சம்பந்தியம்மாவின் தம்பி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மாப்பிள்ளை சின்ன வயதிலிருந்து ‘வேன் மாமா’ என்று கூப்பிட்டு, எங்கள் பெண்ணுக்கும் எங்களுக்கும்கூட அவர் வேன் மாமாதான். அக்கா வேலை முடிந்து வந்து அடுப்படியில் நிற்க வேண்டாம், காலையில் சமைத்ததைச் சூடாக்கிச் சாப்பிடட்டும் என்று ஒரு மைக்ரோவேவ் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

அந்த மைக்ரோவேவின் உள்ளே சுற்றுகிற கண்ணாடித் தட்டு ஒருநாள் நின்றுவிட்டது. வேன் மாமா பெட்டியைத் தூக்கி வேனில் போட்டு, தனக்குத் தெரிந்த ஒரு ஆளிடம் கொண்டுபோய்ச் சரி பண்ணிக்கொண்டு வந்தார். தட்டு சுற்றியது. ஆனால் வந்த நாளிலிருந்து சாப்பாடு சூடாகவில்லை.

என் பெண் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

“அப்பா, உள்ள லைட்டு எரியுது, தட்டு சுத்துது, கடைசியில மணியும் அடிக்குது. பால் மட்டும் வெச்ச மாதிரியே சில்லுனு இருக்குப்பா.”

“பாத்துடலாம்மா,” என்றார் இவர்.

எல்லாருக்கும் விடுமுறையான ஒரு நாளில் போனோம். இவர் முதலில் ஒரு கோப்பைத் தண்ணீரை உள்ளே வைத்து ஓட விட்டார். எடுத்து விரலை விட்டுப் பார்த்தார். பச்சைத் தண்ணீர். வேறு பிளக்கில் மாட்டினார். கதவை அழுத்தி மூடி, காதை வைத்துக் கேட்டார்.

“என்ன சம்பந்தி, டாக்டர் மாதிரி நாடி பாக்குறீங்க? ஆள் பொழைச்சுக்குமா?” என்று சிரித்தார் சம்பந்தியம்மா.

“மாமா, கஷ்டமா இருந்தா விட்டுடுங்க. கம்பெனி ஆளைக் கூப்பிட்டுக்கலாம்,” என்றார் மாப்பிள்ளை.

“எங்கப்பா இருக்கும்போது கம்பெனி ஆள் எதுக்குங்க?” என்றாள் என் பெண். அதை அவள் சொன்னபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருகாணிகளைக் கழற்றினார். இதற்கு முன் அவர் ஒரு மைக்ரோவேவைத் திறந்ததே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ரொட்டி சுடுகிற பெட்டி ஒன்றை முன்பு சரி செய்திருக்கிறார். அதில் மேலேயும் கீழேயும் காயில் இருக்கும். கரண்டு பாய்ந்தால் சிவந்து சூடேறுமே, அந்தக் கம்பிச் சுருள். இஸ்திரிப் பெட்டியிலும் அதுதான், கெட்டிலிலும் அதுதான். அவருடைய உலகத்தில் சூடு என்றால் காயில். சூடு வரவில்லை என்றால் காயில் போய்விட்டது என்று அர்த்தம்.

பெட்டியின் மேல்தகட்டைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே தேடினார். மேலே பார்த்தார், அடியில் பார்த்தார், டார்ச் கேட்டு வாங்கிப் பார்த்தார். கழுத்தில் வேர்வை ஓடியது. நாங்கள் நாலு பேரும் சுற்றி நிற்கிறோம். நான் மனசுக்குள் ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றேன்.

கடைசியில் நிமிர்ந்து, “இதை இதுக்கு முன்னாடி யார் தொறந்தது?” என்று கேட்டார்.

“என் தம்பிதான் எங்கியோ கொண்டு போய்க் குடுத்தான். ஏன் சம்பந்தி?”

“உள்ள காயிலே இல்ல சம்பந்தியம்மா. சுத்தமா உருவிட்டாங்க. தட்டைச் சுத்த வெச்சுட்டு, காயிலைக் கழட்டிக்கிட்டாங்க.”

சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சம்பந்தியம்மா போனை எடுத்தார். நாங்கள் இருக்கிறோமே என்றுகூட அவர் யோசிக்கவில்லை.

“டேய், பெட்டியில இருந்த காயில் எங்கடா?”

“என்ன காயில்க்கா?” எதிர்முனைக் குரல் எங்களுக்கும் கேட்டது.

“நடிக்காதடா. சம்பந்தி தொறந்து பாத்துட்டாரு. உள்ள ஒண்ணுமே இல்லியாம். நீயும் அந்த ஆளும் கழட்டி வித்துட்டீங்களா? வாங்கிக் குடுத்தவன் நீதானே, கேட்டா நானே குடுத்திருப்பேனே!”

போன் வைக்கிற சத்தம்தான் கேட்டது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். இவர் மட்டும் நிதானமாகத் தகட்டை மூடித் திருகாணிகளை முடுக்கினார். “கவலைப்படாதீங்க, நான் வேற காயில் வாங்கிப் போட்டுத் தர்றேன்,” என்றார்.

அந்த வாரம் என் பெண் பேசும்போதெல்லாம் குரல் கம்மியிருந்தது. “வேன் மாமா வர்றதே இல்லம்மா. வேன் தெரு முனையில நிக்குது, அவரு எறங்கி வர்றதில்ல. அத்தை சாப்பாட்டுல கைய வெச்சுட்டு எந்திரிச்சிடுறாங்க. இவரும் யார்கிட்டயும் பேசுறதில்ல.”

காயில் வாங்க உதிரிபாகக் கடைக்கு இவர் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். நீளமான கவுண்டர். சாமான் வாங்க வந்தவர்கள் நெருக்கி நின்றிருந்தார்கள். கவுண்டரில் ஒரு பெண் இருந்தாள்.

“மைக்ரோவேவுக்கு ஒரு காயில் வேணும்மா.”

“கிரில் மாடலுங்களா ஐயா?”

“இல்ல, சாதாதான். சாப்பாடு சூடு பண்ணுறது.”

அந்தப் பெண் சிரிக்கக் கூடாது என்று முயன்றது எனக்குத் தெரிந்தது. “ஐயா, சாதாவுல காயிலே கிடையாதுங்களே. அது கண்ணுக்குத் தெரியாத அலையில சூடாகுறது.”

பின்னால் நின்ற ஒருவன், “பெரியவரே, டிவிக்கும் ஒரு காயில் வாங்கிட்டுப் போங்க. படம் சூடா வரும்,” என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

உள்ளே பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த மெக்கானிக் சிரிக்கவில்லை. அவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்: “சூடாகாமப் போறதுக்கு முன்னாடி பெட்டியை எங்கியாவது தூக்கிட்டுப் போனீங்களா?”

“வேன்ல போச்சு.”

“குலுங்கியிருக்கும். உள்ள ஒரு ஒயரு கழண்டு தொங்கிட்டு இருந்துதா பாத்தீங்களா?”

இவர் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “தொங்கிச்சு,” என்றார். “கைக்கு எடைஞ்சலா இருந்துச்சு. ஒதுக்கி விட்டுட்டுத் தேடினேன்.”

“கைய விட்டீங்களா? நல்ல ஆளுங்க நீங்க! பிளக்கைப் புடுங்கினாலும் உள்ள கரண்டு தங்கியிருக்கும். படக்கூடாத இடத்துல கை பட்டிருந்தா தூக்கி அடிச்சிருக்கும், ஆளே காலி. இனிமே தொறக்காதீங்க. இங்க எடுத்துட்டு வாங்க.”

நான் தாலியைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் இவர் முகத்தைப் பார்த்தபோது, பிழைத்துவிட்டோம் என்ற நிம்மதி அதில் இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முன்னறையில் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஒரு வழி இருக்கு,” என்றார். “பெட்டியை அந்த மெக்கானிக்கிட்ட குடுத்து ஒயரை மாட்டிட்டு, காயில் வாங்கிப் போட்டாச்சுன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. சூடாகும். யாருக்கும் தெரியாது. நம்ம பொண்ணுக்கும் தலைகுனிவு இல்ல.”

நான் தரையில் கிடந்த ஒரு திருகாணியைப் பொறுக்கி மூடியில் போட்டேன். அவரே, “அப்போ அந்த மனுசன் காலம் பூரா திருடனாவே இருப்பாரு, இல்ல?” என்றார்.

“ஆமாங்க.”

“ஆண்டவன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன், அது போதுமான்னு பாத்தேன். போதல.”

“எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதுங்க,” என்றேன். “திருடன்னு சொன்னது ஆண்டவனை இல்லியே.”

மறுநாள் வேன்கள் நிற்கிற இடத்துக்குப் போனோம். வேன் மாமா வாளியும் துணியுமாக வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

“அந்தப் பெட்டியில காயிலே கிடையாதாம்,” என்றார் இவர். எடுத்த எடுப்பில் அதைத்தான் சொன்னார். “எனக்கு அது தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு உங்களைச் சொல்லிட்டேன்.”

துணியைப் பிழிந்தார் வேன் மாமா. “நல்லது.”

“மன்னிச்சுக்குங்க தம்பி.”

“ஏன் அண்ணே, நான் அந்த வீட்டுல ஒரு காயிலைத் திருடியா பொழைக்கணும்? எங்க அக்கா பையன் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு இந்த வேன்லதான் போனான். மத்த புள்ளைங்களை எறக்கி விட்டுட்டு அவனைப் பக்கத்துல உக்கார வெச்சுப் பாடம் ஒப்பிக்கச் சொல்லுவேன். அவன்கூட ஒரு போன் பண்ணல.” துணியை உதறி மறுபடியும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். “எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப் போவுது? நான் எடுக்கலன்னு எனக்கே தெரியும். எங்க வெச்சு சொன்னீங்களோ அங்க வெச்சு சொல்லுங்க.”

“நீங்களும் வாங்க.”

“வண்டியை ஓட்டிட்டு வர்றேன். வீட்டுக்குள்ள வர மாட்டேன்.”

அந்த வேனிலேயே போனோம். சின்னப் பிள்ளைகள் உட்கார்கிற தாழ்ந்த இருக்கைகள். இவர் முழங்காலை மடக்கிக்கொண்டு, பாடம் படிக்காத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சம்பந்தியம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையும் என் பெண்ணும் இருந்தார்கள். இவர் அடுப்படி வாசலில் நின்றே சொன்னார். காயில் கிடையாது என்பதையும், கடையில் சிரித்ததையும், கழன்று தொங்கிய ஒயரைத் தானே தொட்டு ஒதுக்கியதையும் ஒன்று விடாமல் சொன்னார். என் பெண் முகம் சிவந்து சுவரைப் பார்த்தாள். அதைப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே முடித்தார்.

சம்பந்தியம்மா அவரைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“உங்களுக்கு மிஷினைப் பத்தித் தெரியல சம்பந்தி, சொல்லிட்டீங்க,” என்றார் மெதுவாக. “எனக்கு என் தம்பியைத் தெரியுமே. நான் எப்படி நம்பினேன்?”

அப்படியே அடுப்பு மேடையில் கையை ஊன்றி நின்றுவிட்டார். யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை. மாப்பிள்ளைதான் கடைசியில், “வேன் மாமா எங்க?” என்று கேட்டார்.

“வாசல்ல. வண்டியில,” என்றேன்.

மாப்பிள்ளை போய்க் கூப்பிட்டார். வேன் மாமா வரவில்லை. “நேரமாச்சுடா, நான் கெளம்பறேன்,” என்ற குரல் மட்டும் உள்ளே கேட்டது. ஆனால் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கவில்லை.

சம்பந்தியம்மா முகத்தை முந்தானையால் துடைத்தார். ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டார். என் பெண், “ஆறிப் போயிருக்கு அத்தை, அடுப்புல சுட வெச்சுத் தர்றேன்,” என்று கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. தட்டை ஏந்திக்கொண்டு, கழுவிய ஈரக்காலோடு வெளியே போனார்.

நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். வேனின் கதவைத் திறக்காமல், கண்ணாடியை இறக்கிய இடத்தில் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. வெகுநேரம் அந்தத் தட்டு நீட்டியபடியே இருந்தது. அவர் கை வலிக்குமே என்று எனக்கு இருந்தது. பிறகு உள்ளிருந்து ஒரு கை வந்து தட்டை வாங்கியது. வேன் மாமா ஸ்டியரிங் மேல் தட்டை வைத்து, யாரையும் பார்க்காமல் சாப்பிட்டார். அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. அக்காவும் வேன் கதவை விட்டு நகரவில்லை.

“சாப்பிடுறாருங்க,” என்றேன் இவரிடம்.

அவர் ஜன்னல் பக்கம் வரவே இல்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி, மைக்ரோவேவுக்கு முன்னால் நின்றுகொண்டு, “தெரியும், தெரியும்” என்றார்.