கேமராவுக்கு மட்டும் ஒரு மறைப்பு

சென்ற ஆண்டு மாசி மாதம், செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில் ஓர் ஓட்டு வீட்டில் நடந்தது இது.

என் கணவர் டிவி மெக்கானிக். பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளைப் பழுது பார்த்து, கோட்டைப் பக்கம் படமெடுக்க வருகிறவர்களுக்கு நாங்கள் வாடகைக்குக் கொடுக்கிறோம். உடைக்கிற காட்சி என்றால் இரண்டு பெட்டிகள் போகும். ஒன்று ஓடுவது, மற்றொன்று, பிக்சர் டியூபைக் கழற்றிவிட்டு முகப்பில் பிளாஸ்டிக் தகடு பொருத்திய டம்மி. டியூபுக்குள் காற்றே கிடையாது. அடிபட்டால் வெடித்துக் கண்ணாடிச் சில்லுகள் முகத்துக்கு நேரே தெறிக்கும். இதை எழுதிக் கொடுத்தும், வாயால் சொல்லியும்தான் பெட்டிகளை ஒப்படைப்போம்.

அன்று கணவர் திண்டிவனம் போயிருந்ததால் நான்தான் உடன் சென்றேன். தெருவே கூடி டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது, கதாநாயகன் உலக்கையால் பெட்டியை அடித்து நொறுக்க வேண்டும். பார்ப்பவர்களாக உள்ளூர்ப் பெண்கள் ஏழு பேரைத் தரையில் உட்காரவைத்திருந்தார்கள். பெட்டிக்கும் அவர்களுக்கும் ஒரு முழ இடைவெளிகூட இல்லை.

உலக்கை உயர்ந்தபோதுதான் கவனித்தேன். மேசைமேல் இருந்தது டம்மி அல்ல.

"ஐயோ, என் டிவி!" என்று கத்திக்கொண்டு நடுவே போய் நின்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கலை உதவியாளர் ஓடிவந்தார். "அக்கா, டம்மி கேமராவுல பல்லிளிக்குது. அதான் ஒரிஜினலையே வெச்சோம். வேற டிவி வாங்கித் தர்றோம், தள்ளுங்க."

"டியூப் வெடிக்கும் என்று சொன்னேனே?"

"அதெல்லாம் தெரியும்க்கா. ஒரே ஷாட்தான்."

தெரியும் என்றாரே, அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. அவர் பொய் சொல்லவில்லை. உலக்கை பிடித்திருந்தவர் கதாநாயகனே அல்லர். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்த அவருடைய டூப். கேமராவின் முன்னே தடித்த பிளாஸ்டிக் தகடு ஒன்றைக் கவனமாக நிறுத்தியிருந்தார்கள். பாதுகாப்பு தேவைப்படுவோர் பட்டியலில் ஓர் இயந்திரத்துக்கு இருந்த இடம் அந்த ஏழு பெண்களுக்கு இல்லை.

முன் வரிசையில் இருந்த பெண் எழுந்தாள். "இன்னா மேடம், வெடிக்குமா அது? எங்க கிட்ட ஒருத்தரும் சொல்லலியே!" பிறகு அந்தத் தகட்டைக் கண்டாள். "யோவ், உன் கேமராவுக்கு மட்டும் மறைப்பு கட்டிக்கினியே, எங்க கண்ணு இன்னா கடையில விக்குதா? எழுந்திருங்கடி!"

ஏழு பேரும் புடவையை உதறிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். இயக்குநர் கத்தினார், பிறகு கெஞ்சினார். டம்மி மேசைக்கு வந்த பிறகே அவர்கள் உள்ளே வந்தார்கள்.

உட்காரும்போது அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லவேள மேடம், டிவிக்கோசரமாவது ஓடியாந்தீங்க!"

கேலியாகத்தான் சொன்னாள். நான் தலைகுனிந்தேன். என் வாயில் முதலில் வந்தது அவர்களுடைய உயிர் அல்ல, என் பெட்டி. அந்தப் படக்குழுவின் மீதிருந்த கோபத்தில் ஒரு பங்கு அன்று என்மீதே திரும்பியது. இன்றும் அது ஆறவில்லை.

அதன்பின் எந்தப் படப்பிடிப்புக்குப் பெட்டி கொண்டுபோனாலும், அதன் எதிரே யார் உட்காரப் போகிறார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். அவர்களிடம் நேரில் போய்ப் பேசிய பிறகே பெட்டியை வண்டியிலிருந்து இறக்குகிறேன்.