மகிழமரம் எந்தப் பக்கம் விழும்?

இன்று காலை தோட்டத்தில் மகிழங்கன்று வைக்கக் குழி தோண்டினேன். கன்று ஒரு சாண் உயரம்தான்.

பக்கத்து வீட்டுக் குமார் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தான். கடலூர் தேவனாம்பட்டினத்தில் படகு வைத்திருப்பவன்.

"இது வளந்தா எவ்ளோ ஒசரம் போவும் மச்சான்?"

"நாப்பது அடின்னாங்க. வருஷம் பூரா பச்சையா இருக்குமாம்."

"பச்சையா இருக்கட்டும். புயல்ல எந்தப் பக்கம் விழும்?"

போய்ப் படகுக் கயிற்றை எடுத்துவந்து நாற்பது அடி அளந்தான். ஒரு முனையைக் குழியில் என்னைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை மதில் தாண்டி இழுத்தான். அது அவன் வீட்டு ஓட்டுக்கூரை வரை போனது.

"வாணாம் மச்சான். போன புயல்ல முருங்கை விழுந்தே பத்து ஓடு போச்சு."

குழியை என் வீட்டுப் பக்கம் தள்ளித் தோண்டினேன். மறுபடி கயிறு. இந்த முறை அது ஜன்னல் வழியாக உள்ளே வந்து என் தலையணையைத் தொட்டது.

"உன் வூடு கான்கிரீட்டுதான. தாங்கும்," என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

கன்றை நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். நாற்பது அடி வளர எத்தனையோ வருஷம் ஆகும், தெரியும். ஆனாலும் சாயங்காலம் காற்று கொஞ்சம் பலத்ததும் கட்டிலை எதிர்ச்சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டேன்.

கடலூர்க்காரர்களே, சிரிக்காமல் சொல்லுங்கள்: உங்கள் கட்டில் எந்தப் பக்கம் கிடக்கிறது?